டமாக்சிஃபெனா, லெட்ரோசோலா, மாத ஊசியா: ஈஆர் பாசிட்டிவ் என்று வந்தவர்கள் எதை வைத்து முடிவு செய்வது

"இன்னாம்மா இது, போன மாசம் வேற மாத்திரை, இந்த மாசம் வேற மாத்திரை எழுதிக்கிறாங்க. கடையில மாத்திக் குடுத்துட்டியா?"

வேலூர் ஆற்காடு ரோட்டில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பார்மசிஸ்ட் நான். மாதத்தில் இரண்டு மூன்று பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். போன மாதம் கேட்டது மூன்று பேர். குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அக்கா, வயது 52. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் ஒரு பெண், வயது 38. வாலாஜாவிலிருந்து அம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு வந்த ஒரு காலேஜ் பையன், அவன் அம்மாவுக்கு 63. மூவர் வீட்டிலும் மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் ஆகி, கீமோவும் முடிந்து, ரிப்போர்ட்டில் ஈஆர் பாசிட்டிவ் என்று இருக்கிறது. இனி வருஷக்கணக்கில் ஹார்மோன் மருந்து. எது நல்லது என்று மூவரும் கேட்டார்கள், மூவருக்கும் பதில் வேறு வேறு.

நான் டாக்டர் இல்லை, முடிவு உங்கள் டாக்டருடையதுதான். ஆனால் ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அதில் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஈஆர் என்ன செய்கிறது

ஈஆர் என்றால் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், தமிழில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜன் அதில் வந்து உட்கார்ந்தால், அது மரபணுக்களின் மேல் போய்ப் பற்றிக்கொண்டு 'வளரு, பிரி' என்று செல்லை முடுக்கிவிடுகிறது. பஸ் ஸீட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பயணி உட்கார்ந்தால் வண்டி கிளம்பும்.

டமாக்சிஃபென் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. ஈஸ்ட்ரோஜன் வரும், உட்கார இடம் இருக்காது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் பயணி புறப்படும் இடத்திலேயே தடுப்பவை. அரோமட்டேஸ் என்ற நொதிதான் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது, அதை இவை முடக்கிவிடும். மாத ஊசி, பெரிய டிப்போவான சினைப்பையையே மூடி வைக்கிறது. ஸீட்டையே பிடுங்கி எறிகிற ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியும் உண்டு, ஆனால் அது நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கானது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த ஏற்பி மார்பகத்தில் மட்டும் இல்லை. கர்ப்பப்பை, எலும்பு, ரத்தக்குழாய், மூளை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பிலும் அதைச் சுற்றி நிற்கும் உதவிப் புரதங்கள் வேறு. அதனால் ஒரே டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கர்ப்பப்பையின் உட்சுவரிலும் எலும்பிலும் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிறது. பக்கவிளைவு என்று நாம் சொல்வதில் நிறைய இங்கிருந்துதான் வருகிறது. (நம் லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த சஹேலி கருத்தடை மாத்திரையும் இதே குடும்பம்தான். அரசு ஆஸ்பத்திரியில் அது சாயா என்ற பெயரில் கிடைக்கிறது.)

மருந்துக்கு முன்னால் ரிப்போர்ட்

நூற்றில் ஒரு செல்லாவது சாயம் ஏற்றிருந்தால் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஒன்று முதல் பத்து சதவீதம் வரை என்றால் 'லோ பாசிட்டிவ்', மருந்து அவ்வளவு வேலை செய்யாமல் போகலாம். 90 சதவீதம், ஆல்ரெட் ஸ்கோர் (ஈஆருக்கு எட்டுக்கு எவ்வளவு என்று போடும் மதிப்பெண்) 8 என்று இருந்தால் இந்த மருந்துகளிடமிருந்து நிறைய எதிர்பார்க்கலாம்.

நெகட்டிவ் என்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் சின்னம்மாவுக்கு ஒரு சின்ன இடத்தில் கட்டியை எடுத்தார்கள். திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஒழுங்காகப் போடாமலே அனுப்பிவிட்டார்கள், ஈஆர் நெகட்டிவ் என்று வந்தது. அதே பிளாக்கோடு (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) ஆபரேஷனுக்கு முன் ஊசியால் எடுத்த கோர் பயாப்ஸி பிளாக்கையும் வேறு பெரிய லேபில் கொடுத்துப் பார்த்தபோது கோர் பயாப்ஸியில் பாசிட்டிவ். திசு போதிய நேரம் ஃபார்மலினில் ஊறாவிட்டால் இப்படி நடக்கும். வயதானவர், மெதுவாக வளர்ந்த கட்டி, ஆனாலும் நெகட்டிவ் என்றால் மறுபரிசோதனை பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. அந்த ஒரு டெஸ்ட்டுக்கு ஆகும் பணம், ஐந்து வருஷ மருந்து கிடைக்காமல் போவதற்கு முன்னால் பெரிசில்லை.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, மாதவிடாய் உண்மையிலேயே நின்றுவிட்டதா. இதில்தான் நம் பக்கம் அதிகம் தப்பு நடக்கிறது. முப்பத்தைந்து நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! "எனக்குத்தான் எல்லாம் நின்னுடுச்சே" என்று சொல்வார்கள். கர்ப்பப்பை போனால் ரத்தப்போக்கு நிற்கும், சினைப்பை உள்ளே இருந்தால் ஈஸ்ட்ரோஜன் வந்துகொண்டேதான் இருக்கும். கீமோவால் நின்றதும் அப்படித்தான், பல மாதம் கழித்துத் திரும்பலாம். சந்தேகம் இருந்தால் எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் எங்கே கிடந்தாலும் தேடி எடுத்துப் போங்கள், சினைப்பையை விட்டார்களா எடுத்தார்களா என்று அதில்தான் இருக்கும்.

அப்புறம் நோய் திரும்பும் அபாயம் எவ்வளவு: அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எத்தனை பாசிட்டிவ், அதாவது எத்தனையில் நோய் பரவியிருக்கிறது, கட்டி எத்தனை சென்டிமீட்டர், கிரேடு (செல்களின் வீரியம்) என்ன. அப்புறம் எலும்பின் நிலை, கர்ப்பப்பை இருக்கிறதா, காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் கட்டியதுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பணம், பயணம். கடைசியாக, ஆனால் என் கணக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் சமமாக: ஐந்து வருஷம் தினமும் இதை விழுங்குவீர்களா?

கலிஃபோர்னியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2010இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர்தான் முழுக்காலமும் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார்கள். நம் கடையில் ரீஃபில் வாங்க வராமல் நின்றுபோன முகங்களை நான் அறிவேன். வலி தாங்காமல் விட்டவர்கள், 'உடம்புதான் நல்லாயிடுச்சே' என்று விட்டவர்கள், மகள் கல்யாணச் செலவில் விட்டவர்கள்.

டமாக்சிஃபென்

1962இல் இங்கிலாந்தில் கருத்தடை மருந்தாகும் என்ற நினைப்பில் உருவாக்கினார்கள். அதற்கு உதவவில்லை, புற்றுநோய்க்கு உதவியது. தினம் 20 மில்லிகிராம், ஒரே மாத்திரை. ஐந்து வருஷம் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடும் காலத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பதினைந்து வருஷக் கணக்கில் மார்பகப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இதன் பெரிய பலம், மாதவிடாய் இருந்தாலும் நின்றிருந்தாலும் வேலை செய்யும். ஸீட்டில் துண்டு போட்டாகிவிட்டது, பயணி எங்கிருந்து வந்தால் என்ன. மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பையும் காக்கிறது. மூன்றிலும் விலை மிகக் குறைவு. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், பெரும்பாலும் ஈஆர் பாசிட்டிவாகத்தான் வரும், அவர்களுக்கும் முதலில் இதைத்தான் கொடுக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்? ரத்தம் கட்டும் அபாயம் இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வேறு ஆபரேஷன் எதுவும் முடிவானால் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது, பெரும்பாலும் ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு. மாதவிடாய் நின்றவருக்கு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு டாக்டரிடம் போகணும். அறிகுறி எதுவும் இல்லாமலே வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து 'சுவர் தடிப்பா இருக்கு' என்று பயந்து, வேண்டாத டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டி எடுப்பது) வரை போவதும் நடக்கிறது. டமாக்சிஃபென் சாப்பிட்டால் சுவர் ஓரளவு தடிப்பாகத்தான் தெரியும்.

உடம்பில் குபீரென்று ஏறும் அந்தச் சூடு இருக்கிறதே, அதை நம் ஊர் கத்திரி வெயிலில் அனுபவிப்பது பெரும் பாடு. அதைக் குறைக்கவோ மனச்சோர்வுக்கோ வேறு ஒருவர் மாத்திரை எழுதலாம், அங்கே ஒரு கண் வையுங்கள். பராக்ஸெட்டின், ஃப்ளூஆக்ஸெட்டின் இரண்டும் கல்லீரலில் டமாக்சிஃபென் வீரியமுள்ள வடிவமாக மாறுவதைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் அந்தச் சிக்கல் குறைவு. இரண்டு டாக்டர் எழுதிய சீட்டையும் ஒரே கடையில் காட்டுங்கள், நாங்கள் கவனித்துச் சொல்லிவிடுவோம்.

இளவயதினர் கவனிக்க: மாதவிடாய் தவறினாலும் கரு தங்கும், கருவுக்கு இந்த மருந்து கெடுதல். ஹார்மோன் இல்லாத காப்பர் டி போன்ற தடுப்பு வேண்டும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன்

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை டிப்போ மூடிவிடும். கொழுப்புத் திசு, தசை மாதிரி சின்னச் சின்ன ஸ்டாப்பிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன் வரும், எல்லாம் அரோமட்டேஸ் வழியாக. அதை முடக்கினால் கிட்டத்தட்ட வற்றிவிடும். அதனால்தான் இந்த வயதில் இது டமாக்சிஃபெனை முந்துகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவைச் சேர்த்து 2015இல் வெளியான கணக்கில், பத்து வருஷத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் டமாக்சிஃபென் பக்கம் 14.2 சதவீதம், இந்தப் பக்கம் 12.1 சதவீதம். நூறு பேரில் இரண்டு பேர். சிலருக்கு அது பெரிசாகத் தெரியும், சிலருக்குத் தெரியாது. நெறி நாலைந்து பாசிட்டிவ் என்று இருப்பவருக்கு லாபம் அதிகம், அரை இன்ச் கட்டி, நெறி சுத்தம் என்றால் குறைவு.

அதே கணக்கில் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் டமாக்சிஃபெனில் 1.2, இதில் 0.4 சதவீதம். ஆனால் ஐந்து வருஷத்தில் எலும்பு முறிவு டமாக்சிஃபெனில் 5.5, இதில் 8.2.

எலும்புக்கும் இந்த ஏற்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, 1994இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு உண்டு. பிறவியிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத ஒரு 28 வயது ஆண், உயரம் 204 சென்டிமீட்டர், எலும்பு முனைகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார், எலும்போ வயதானவருக்குப் போல மெலிந்திருந்தது. ஆணுக்கே இப்படி. ஆகவே லெட்ரோசோல் எழுதியவுடன் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாச்சா என்று கேளுங்கள். கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப். இந்த டிரிப் மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பில் நோய் திரும்புவதையும் ஓரளவு குறைக்கிறது. போடுவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிடுவது நல்லது. நம் வட ஆற்காட்டு வீடுகளில் கேழ்வரகுக் களியும் கூழும் புதிதில்லை, கால்சியத்துக்கு அதைவிட மலிவாக என்ன இருக்கிறது?

மூட்டு வலிதான் இதை நிறுத்த வைக்கும் முதல் காரணம். காலையில் விரல்கள் மடங்காது, மணிக்கட்டு மரத்துப்போகும். சோளிங்கர் மலை 1305 படியையும் வருஷா வருஷம் ஏறியவர்கள் வீட்டு மாடிப்படிக்குத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தினமும் நடப்பது, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி செய்வது உண்மையிலேயே உதவுகிறது. மூன்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம், மாற்றிக் கேளுங்கள். பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வரும், இதை யாரிடமும் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லுங்கள், ஹார்மோன் இல்லாத ஜெல்கள் இருக்கின்றன.

வாலாஜா அம்மாவுக்கு 63 வயது, நெறி இரண்டு பாசிட்டிவ், எலும்பு பரவாயில்லை. அவருக்கு லெட்ரோசோல் எழுதியதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஒன்று முக்கியம். சினைப்பை வேலை செய்யும் பெண் லெட்ரோசோலைத் தனியாகச் சாப்பிடக் கூடாது. குழந்தைக்காகச் சினைமுட்டையைத் தூண்ட இதே மாத்திரையை ஐந்து நாள் கொடுக்கிறார்களே, அதை யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை சினைப்பையை இன்னும் வேகமாக விரட்டும்.

சினைப்பையை நிறுத்தும் ஊசி, அல்லது ஆபரேஷன்

1896இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர் சினைப்பையை எடுத்து, முற்றிய மார்பகக் கட்டி சுருங்கியதை எழுதினார். ஏற்பி என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. இன்று அதையே கோசரலின் 3.6 மில்லிகிராம் ஊசியை 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுச் செய்கிறார்கள், கூடவே டமாக்சிஃபெனோ எக்ஸிமெஸ்டேன் போன்ற மாத்திரையோ.

எல்லா இளம்பெண்ணுக்கும் இது தேவையில்லை. மாதவிடாய் நிற்காத பெண்களை வைத்து நடந்த ஆய்வின் 2018இல் வந்த முடிவில், எட்டு வருஷம் நோய் இல்லாமல் இருந்தவர்கள் டமாக்சிஃபென் மட்டும் எடுத்தவர்களில் 78.9 சதவீதம், அதோடு சினைப்பை நிறுத்தமும் சேர்ந்தவர்களில் 83.2, சினைப்பை நிறுத்தத்தோடு எக்ஸிமெஸ்டேன் எடுத்தவர்களில் 85.9. கீமோ தேவைப்பட்டவர்கள், அதிலும் 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் லாபம் நிறைய.

ஊசி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு மாதம் ஒரு நாள் லீவு, ஒரு நாள் சம்பளம், பஸ், கூட வருபவர் செலவு. ஐந்து வருஷத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊசி. காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று முதல் ஊசிக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போனால் சினைப்பை விழித்துக்கொள்ளும், மாத்திரை அரோமட்டேஸ் வகை என்றால் அது பெரிய ஓட்டை. உடம்புக்கும் சும்மா இல்லை. 38 வயதில் ஒரே மாதத்தில் மாதவிடாய் நின்ற நிலை: தூக்கம் கெடும், எலும்பு கரையும், எரிச்சல், கணவன் மனைவி நெருக்கத்தில் கஷ்டம்.

குழந்தை போதும் என்று முடிவானவர்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் சினைப்பையை எடுத்துவிடுவது ஒரே முறை செலவு, மாதாமாத அலைச்சல் இல்லை. ஆனால் எடுத்தது எடுத்ததுதான். அதனால் சிலர் சில மாதம் ஊசி போட்டு உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகிறார்கள், அது எனக்கு நியாயமாகப் படுகிறது. இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். பதினெட்டு முதல் முப்பது மாதம் மருந்து எடுத்த பிறகு, டாக்டர் கண்காணிப்பில் இரண்டு வருஷம் வரை நிறுத்தி குழந்தை பெற்றவர்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது.

| எது முக்கியம் | டமாக்சிஃபென் | லெட்ரோசோல் வகை | சினைப்பை நிறுத்தம் + மாத்திரை |
|---|---|---|---|
| மாதவிடாய் இருக்கும்போது | சரி | தனியாகக் கூடாது | இதற்காகவே |
| மாதவிடாய் நின்ற பின் | சரி, சற்றே பின்தங்கியது | முதல் தேர்வு | தேவையில்லை |
| எலும்பு | நின்ற பின் காக்கும் | கரைக்கும் | கரைக்கும் |
| கர்ப்பப்பை | கவனம் வேண்டும் | பயமில்லை | கூட எடுக்கும் மாத்திரையைப் பொறுத்தது |
| ரத்தக் கட்டி வந்தவர் | தவிர்ப்பார்கள் | ஏற்றது | கூட டமாக்சிஃபென் வேண்டாம் |
| அன்றாடத் தொல்லை | உடல் சூடு | மூட்டு வலி | இரண்டும், தூக்கமின்மையும் |
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம், டெக்ஸா தனி | அதிகம், பயணமும் சேர்த்து |

ஐந்து வருஷமா, பத்தா

ஈஆர் பாசிட்டிவ் நோய் பொறுமையானது. ஐந்து வருஷ மருந்து முடித்தவர்களையும் இருபதாம் வருஷம் வரை தொடர்ந்து பார்த்ததில், சின்னக் கட்டி, நெறி சுத்தம் என்றவர்களில் 13 சதவீதம் பேருக்கு, பெரிய கட்டி, நெறி நாலு முதல் ஒன்பது என்றவர்களில் 41 சதவீதம் பேருக்கு வேறு உறுப்பில் திரும்பியிருக்கிறது. அதனால் நெறி பாசிட்டிவ் என்றவர்களிடம் நீட்டிக்கச் சொல்வார்கள். அபாயம் குறைவாக இருந்து எலும்பும் பலவீனமாக இருந்தால் ஐந்தோடு நிறுத்துவதில் தவறில்லை.

இடையில் சோயாவில் செய்த மீல் மேக்கர் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: குழம்பில் சாதாரண அளவில் போடுவதால் கெடுதல் இல்லை. சோயா மாத்திரை, நாட்டு மருந்துக்கடையின் 'பெண்களுக்கான' லேகியம், தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி இவற்றை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

அந்தக் குடியாத்தம் அக்காவின் கதை பாதியில் நிற்கிறது. அவருக்கு 37 வயதில் கர்ப்பப்பை எடுத்தது, சினைப்பை உள்ளே. டாக்டர் முதலில் டமாக்சிஃபென் எழுதி, ரத்தப் பரிசோதனையில் சினைப்பை ஓய்ந்துவிட்டது உறுதியானதும் லெட்ரோசோலுக்கு மாற்றியிருக்கிறார், அதைத்தான் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். ஆறே வாரத்தில் விரல் மடங்கவில்லை. நாளெல்லாம் பீடி சுற்றியவரால் அதில் பாதிகூட முடியவில்லை, கூலி பாதியானது. மாத்திரையை நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். "நிறுத்தினதை டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாங்கம்மா" என்றார். இல்லைக்கா, பீடி சுத்த முடியலன்னு அப்படியே சொல்லுங்க, கர்ப்பப்பை இல்லை என்பதையும் ஞாபகப்படுத்துங்க என்று சொல்லி அனுப்பினேன். கர்ப்பப்பையே இல்லாதவருக்கு டமாக்சிஃபெனின் பெரிய பயம் ஒன்று கழிந்துவிடுகிறது, ரத்தம் கட்டிய வரலாறும் அவருக்கு இல்லை. நெறி சுத்தம், கட்டியும் சின்னது.

திரும்ப டமாக்சிஃபெனே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை வந்து மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப்போனார். விரல் இப்போது மடங்குகிறது.